சொல்லாமற் போகும் பன்னிரண்டு வாரங்கள்

ஆடிப் பதினெட்டன்று காவிரிக் கரையில் கூடும் கூட்டத்தை நம் வாசகர்கள் எல்லாரும் கண்டிருப்பர். திருவையாற்றுப் படித்துறையிலும், கும்பகோணத்திலும், சிற்றூர்களின் வாய்க்கால் மதகடிகளிலும்கூடப் பெண்கள் தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் சுமந்து வருகின்றனர். காதோலை கருகமணியை நீரில் விடுகின்றனர். ஆடியிலே செந்நிறங் கொண்டு பெருகிவரும் காவிரி சூலுற்றிருக்கிறாள், அவளுக்கு மசக்கை, ஆகையால் வாய்க்கு இதமான சோறுவகைகளை அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது இந்நாட்டு மக்களின் நெடுங்கால எண்ணம். இது நமது சமய வழிபாடன்று. ஆயினும் அதில் அடங்கியுள்ள மனிதப் பரிவை வியவாதிருத்தல் அரிது. ஓர் ஆற்றின் மசக்கையை ஊர் முழுவதும் கூடியல்லவா உணர்கிறது!

அதே கரையில், அதே வாரத்தில், நம் பங்கு வீடொன்றில் மருமகள் விடியற்காலையில் கொல்லைப்புறம் சென்று வாந்தியெடுக்கிறாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடவுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். யாரேனும் கேட்டால் "பித்தம்" என்கிறாள். மாமியாருக்கு ஐயம் உண்டு. ஆனால் வாய்திறந்து கேட்பதில்லை. கணவருக்கோ ஒன்றுமே தெரியாது. பல வீடுகளில் அவர் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். இவ்வாறு மூன்று மாதம் கழிந்து, வயிறு தானே செய்தியைச் சொன்ன பின்புதான் வீட்டார் மருத்துவரை நினைக்கின்றனர்.

பங்குக் குரு எழுதத் தகுந்த பொருளா இது என்று சிலர் கேட்கலாம். மருத்துவர் என்று மரபு கூறும் புனித லூக்கா, தமது நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே கருவுற்ற இரு பெண்களைப் பற்றிக் கூச்சமின்றி எழுதுகிறார். முதிர்ந்த வயதில் கருத்தாங்கிய எலிசபெத்தம்மாள் ஐந்து மாதம் தம்மை மறைத்துக்கொண்டார் என்பதையும் அவரே குறிக்கிறார். ஆகையால் நமது வீடுகளின் மறைப்புக்கும் பழைமை உண்டு. ஆனால் எலிசபெத்தம்மாள் அந்த ஐந்து மாதமும் வெயிலில் முழங்காலளவு சேற்றில் குனிந்து நாற்று நட்டதாக நற்செய்தியில் இல்லை.

குறிகளுக்கு வருவோம். முதற்குறி எல்லாரும் அறிந்ததே. நாள் தள்ளிப் போகிறது. "முழுகாமல் இருக்கிறாள்" என்று நம் பாட்டிமார் சொல்லும் வழக்கு இதிலிருந்தே பிறந்தது. மாதவிலக்கு வராமையால் அதற்குரிய தலைமுழுக்கும் இல்லை என்பது பொருள். ஆனால் இந்த முதற்குறியே பலரை ஏமாற்றிவிடுகிறது. கரு கருப்பையிற் பதியும் நாட்களில் சிலருக்குச் சிறிதளவு உதிரம் படுவதுண்டு. அதை விலக்கென்று எண்ணி அவர்கள் ஒரு மாதம் பின்தங்கிவிடுகின்றனர். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் விலக்கே திரும்பியிராது. ஆயினும் கரு தங்கக்கூடும். ஏனெனில் முட்டை வெளிப்படுவது முதலில், விலக்கு வருவது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. நாற்பதைக் கடந்த பெண்ணோ "நின்றுவிட்டது போலும்" என்று தீர்மானித்துவிடுகிறாள். மகளுக்கு மணம் முடித்த வீட்டில் தாயும் கருவுற்றால் அந்தத் தாய் படும் நாணத்தைச் சொல்லி முடியாது. முதிய எலிசபெத்தம்மாளை இத்தகையோர் நினைவிற்கொள்ளலாம்.

அடுத்த குறிகள் உடலில் மெல்ல வருகின்றன. மார்பு கனத்துக் கூசுகிறது. காம்பைச் சுற்றியுள்ள நிறம் கறுக்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறது. நேற்றுவரை மணமாயிருந்த தாளிதம் இன்று குமட்டுகிறது. கருவாட்டு வாடை தெருக்கோடியிலிருந்தே குடலைப் புரட்டுகிறது. அடிவயிற்றில் விலக்கு வரப்போவது போன்ற இலேசான இழுப்பு இருக்கிறது. ஆனால் விலக்கு வருவதில்லை. இவை எல்லாவற்றிலும் எளிதாகத் தவறவிடப்படுவது சோர்வு. கருவின் முதல் மாதங்களில் வரும் சோர்வு, உறங்கி எழுந்தாலும் தீராத சோர்வு. நடவுக் காலத்தில், காலை முதல் பிற்பகல் வரை சேற்றில் குனிந்து நின்ற பெண், "இடுப்பு ஒடிகிறது, உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது" என்றால் யார்தான் வேறு காரணம் தேடுவர்? அவளே தேடுவதில்லை. வேலை ஓய்ந்த நாளிலும் சோர்வு ஓயவில்லையென்றால், நாட்காட்டியைப் பார்க்கவேண்டும்.

மசக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதை நடிப்பென்று கருதும் மாமியார் இன்னும் நம்மிடையே உள்ளனர். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது, ஏனையோருக்கு வருவதேயில்லை. ஆகவே மசக்கை இல்லாமையால் கரு இல்லை என்றாகாது. பொதுவாக ஆறாம் வாரத்தில் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தையொட்டி மிகுந்து, நான்காம் மாதத்தில் தணிகிறது. காலையில் மட்டும் வரும் என்பதும் சரியன்று. 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதன் காரணத்தைப் பெரிதும் விளக்கியது. கருவின் பக்கமிருந்து சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்னும் பொருள் தாயின் இரத்தத்தில் கலந்து, மூளையில் குமட்டலைத் தூண்டும் இடத்தைத் தாக்குகிறது. முன்பு இப்பொருள் தம் உடலிற் குறைவாயிருந்த பெண்களுக்குத் தாக்கம் கடுமையாயிருக்கிறது. இதில் நடிப்புக்கு இடமில்லை. எழுந்திருக்கும் முன் சிறிது பொரியோ ரஸ்க்கோ மென்று, பிறகு சிறுகச் சிறுகப் பலமுறை உண்பதும், இஞ்சியும், எலுமிச்சை மணமும் பலருக்கு உதவுகின்றன. தாளிக்கும் வேலையை இரண்டு மாதம் கணவர் ஏற்றுக்கொண்டால் வானம் இடிந்து விழாது. ஆனால் குடித்த தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து, மஞ்சள் கடுத்து, எடை இறங்கினால் அது மருத்துவமனைக்குரிய நோய். அந்நிலையில் "மசக்கைதானே" என்று சொல்லிக்கொண்டிருத்தல் கூடாது.

மண் தின்னும் ஆசையும் நம் நாட்டில் பழைய குறி. புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார் ஒரு சேர மன்னனைப் பாடுகையில், அவன் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் வேட்கையால் உண்பதன்றிப் பகைவர் உண்ணமாட்டார் என்று புகழ்கிறார். புலவருக்கு அது மன்னனின் பெருமை. இன்றைய மருத்துவருக்கோ அது பெரும்பாலும் இரத்தசோகையின் அடையாளம். மண்ணும், சாம்பலும், அடுப்புக்கட்டியும், பச்சரிசியும் தின்னத் தோன்றும் பெண்ணின் உடல் பெரும்பாலும் இரும்புச்சத்துக்கு ஏங்குகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரத்தசோகையுடையோர். நெல் விளையும் நாட்டில் வயிறு நிறைவதும் இரத்தம் ஊறுவதும் ஒன்றல்ல என்பதை இவ்வெண் காட்டுகிறது.

குறிகளை விரைந்து அறியவேண்டியது ஏன் என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். மருத்துவர்கள் கருவின் வயதைக் கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றனர். நம் உழவர் எல்லாரும் மறவாத நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12. ஒரு பெண்ணுக்கு அன்று விலக்கு வந்தது என்றும், அவளுக்கு இருபத்தெட்டு நாளுக்கொரு முறை தவறாமல் வரும் என்றும் வைத்துக்கொள்வோம். ஜூன் 26ஐ ஒட்டிக் கரு உண்டாகிறது. குறுவை நடவு நடந்துகொண்டிருக்கும் நேரம். அவளும் வயலில் நிற்கிறாள். ஜூலை 10இல் வரவேண்டிய விலக்கு வரவில்லை. அவள் பொருட்படுத்தவில்லை. ஜூலை 18 அளவில் அச்சிறு உயிரின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. ஜூலை 24 அளவில், பின்னர் மூளையும் தண்டுவடமுமாக வளரவேண்டிய குழல் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிடில் குழந்தை தீராக் குறையுடன் பிறக்கும். அக்குறை வாராமற் காக்கப் பெரிதும் உதவுவது போலிக் அமிலம் என்னும் சிறு மாத்திரை. நாள் தள்ளி இரண்டே வாரம் ஆன நிலையில் இவ்வளவும் நடந்துவிட்டது! ஆகவே குழந்தையை எதிர்நோக்கும் தம்பதியர், கரு தங்கும் முன்னரே மருத்துவரைக் கேட்டு அம்மாத்திரையைத் தொடங்குதல் நன்று. ஆடிப்பெருக்கன்று நமது பெண் எட்டாம் வாரத்தில் இருக்கிறாள். மசக்கை மிகும் காலம். செப்டம்பர் 4இல் பன்னிரண்டு வாரம் நிறைகிறது. அப்போது வேளாங்கண்ணித் திருவிழாக் கொடி பறந்துகொண்டிருக்கும். அவளும் நேர்ச்சையாக நடந்தே செல்லத் துணிந்திருப்பாள். உறுப்புகள் அனைத்தும் உருவாகி முடிந்த பின்பும் வீட்டில் எவருக்கும் செய்தி தெரியாது.

பேறு நாளையும் இப்படியே கணிக்கலாம். கடைசி விலக்கின் முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, ஒன்பது மாதம் தள்ளுங்கள். ஜூன் 12க்கு மார்ச் 19 வருகிறது. புனித சூசையப்பர் திருநாள்! மொத்தம் 280 நாட்கள். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து மாதம். பத்து மாதம் சுமந்தாள் என்று நம் தாய்மார் சொல்வதில் கணக்குப் பிழை இல்லை.

இந்த அறியாத வாரங்களில் நேரும் தீங்குகளில் முதன்மையானது மருந்து. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் விலக்கைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்கும் பழக்கம் நம் வீடுகளில் பெருகிவிட்டது; பிறகு நாள் தள்ளினால் "மாத்திரையால்தான்" என்று இருந்துவிடுகின்றனர். நாள் வரவழைக்கவென்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும், எள்ளும் கருப்பட்டியும் கஷாயமும் வேறு. தலைவலிக்கும், பூச்சிக்கும், முகப்பருவுக்கும் உண்ணும் மருந்துகளிலும் முதல் மூன்று மாதத்திற்கு ஆகாதவை உண்டு. எக்ஸ்ரே எடுக்கும் முன்னும் சொல்லவேண்டும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தைக் கருவுற்ற பெண்கள் குமட்டலுக்கும் உறக்கத்திற்குமாக நம்பி உண்டனர். 1961இல் அது விலக்கிக்கொள்ளப்படுவதற்குள் பல நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறுகியும் வேறு குறைகளுடனும் பிறந்தன. கரு உண்டாகி இருபதாம் நாள் முதல் முப்பத்தாறாம் நாள் வரையிலான சிறு இடைவெளியில் உண்ட மாத்திரைகளே இவ்வளவும் செய்தன. மேற்சொன்ன பெண்ணின் நாட்காட்டியில் அது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டுத் தொடக்கம் வரை.

மற்றொன்று வெயில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2017இல் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்தனர். வயல், செங்கற்சூளை, உப்பளம் முதலிய வெப்பமான இடங்களில் உழைத்தோருக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காயிருக்கக் கண்டனர். இதனால் நடவாட்கள் எல்லாரும் வீட்டில் இருந்துவிட இயலாது என்பதை அறிவோம். கூலி இல்லையேல் உலை இல்லை. ஆனால் கருவுற்றிருப்பது தெரிந்தால், உச்சி வெயிலுக்கு முன் கரையேறலாம், தண்ணீரும் நீராகாரமும் கூடுதலாகக் குடிக்கலாம், பூச்சிமருந்து அடித்த வயலுக்குச் சில நாள் போகாதிருக்கலாம், பாரச் சுமையை அடுத்தவளிடம் மாற்றலாம். நடவுக் கூட்டத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு விட்டுக்கொடுப்பதை நாம் வரப்பில் நின்று கண்டிருக்கிறோம். தெரிந்தால் செய்வர்.

நாள் தள்ளியதெல்லாம் கருவும் அன்று. கடும் இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, மனக்கவலை, உடல் மெலிவு, சினைப்பைக் கோளாறு ஆகியவற்றாலும் தள்ளும். ஐயம் தீரச் சோதனை வேண்டும். பழைய எகிப்தியர் இதற்குக் கோதுமையையும் வாற்கோதுமையையும் நாடினர். பெண்ணின் சிறுநீரைத் தெளித்து, விதை முளைத்தால் கரு என்று கொண்டனர். நாற்றங்கால் நாட்டினராகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. 1963இல் எகிப்து ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தபோது, கருவுற்ற பெண்களின் சிறுநீரில் பத்துக்கு ஏழு விழுக்காடு முளைக்கவே செய்ததாம்! 1920களின் இறுதியில் பெர்லின் மருத்துவர் இருவர் சுண்டெலிக்கு ஊசியிட்டுக் கண்டறிந்தனர். அடுத்த பத்தாண்டில் ஆப்பிரிக்கத் தவளை அந்த வேலையைச் செய்தது. இன்று சிறு அட்டை ஒன்று போதும். கருவைச் சூழ்ந்த திசு சுரக்கும் பொருள் சிறுநீரில் இருந்தால் இரு கோடுகள் தோன்றும். நாள் தள்ளிய பின், காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் பார்ப்பது நல்லது. ஒரே கோடு தோன்றி, விலக்கும் வராவிடில் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். மருந்துக் கடைக்குச் செல்லக் கூசுவோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இச்சோதனையைச் செய்துகொள்ளலாம்.

ஒரு வகை ஆபத்தை மட்டும் தனியே சொல்லவேண்டும். சிற்சில வேளை கரு கருப்பையை அடையாமல் குழாயிலேயே தங்கிவிடும். நாள் தள்ளியபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டையில் வலி, உதிரக் கசிவு, தலைசுற்றி மயங்கி விழுதல் இவை கண்டால் கஷாயமும் ஒத்தடமும் தேடி ஒரு மணி நேரமும் போக்கலாகாது. குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கொட்டினால் உயிருக்கே தீங்கு. உடனே 108க்குத் தொலைபேசியில் சொல்லி, தஞ்சையில் இராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். "நாள் தள்ளியிருக்கிறது" என்ற ஒரு சொல்லை மருத்துவரிடம் முதலில் சொல்பவர், பாதி வைத்தியத்தைத் தாமே செய்தவராவார்.

இவ்வளவு இருந்தும் நம் பெண்கள் ஏன் சொல்வதில்லை? நாணம் ஒன்று, கண்ணேறு பற்றிய அச்சம் ஒன்று. இவற்றிற்கும் அடியில், "தங்குமோ தங்காதோ" என்ற பயம் இருக்கிறது. சொன்ன பிறகு கலைந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? பயத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. தெரியவந்த கருக்களிலும் பத்தில் ஒன்றோ இரண்டோ பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திற்குள் கலைந்துவிடுகின்றன. அவற்றிற் பெரும்பகுதி, கரு உருவாகும்போதே நேர்ந்த குறையால். தாய் குடம் தூக்கியதாலோ, படியேறியதாலோ, பப்பாளி தின்றதாலோ அன்று. இதை மாமியார்மார் இருமுறை வாசிக்க வேண்டுகிறோம். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகத் தாய்மார் தனியே அழுவதை நாம் அறிவோம். பல வேளைகளில் கணவரும் அறியாமல் அழுகின்றனர். யாரிடமும் சொல்லாதிருந்தவளுக்கு ஆறுதல் சொல்லவும் யாரும் இல்லாமற் போகிறது. ஊருக்கெல்லாம் சொல்லும்படி நாம் கேட்கவில்லை. கணவருக்கும், வீட்டில் மூத்த பெண் ஒருவருக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும் சொன்னாற் போதும். வளையல் அடுக்கும் நாள் வரையில் தெரு பொறுத்திருக்கட்டும்.

செவிலியரிடம் பன்னிரண்டு வாரம் நிறையும் முன் பதிவு செய்துகொள்ளவேண்டும். அப்போது அவர் தரும் பதிவு எண் பிற்பாடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படுகிறது. முதற் சந்திப்பிலேயே இரத்தத்தின் அளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை எல்லாம் பார்க்கின்றனர். முதல் மூன்று மாதத்திற்குப் போலிக் அமிலமும், அதன்பின் இரும்புச்சத்து மாத்திரையும் தருகின்றனர். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பயன் குறையும், எலுமிச்சைச் சாற்றோடு உண்டால் மிகும். வறிய குடும்பங்களுக்கு, முதல் இரு பேறுகளுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த அந்த அம்மையாரின் பெயரால் 1987இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் இது. காலந் தாழ்த்திப் பதிந்தோர் தவணைக்காக அலைந்து திரிவதைக் கண்டிருக்கிறோம்.

செவிலியர் கேட்கும் முதற்கேள்வி, கடைசியாக எப்போது விலக்கானாய் என்பதே. பெரும்பாலோர் "போன அமாவாசைக்கு முன்னே", "களை எடுத்த சமயம்" என்றே விடை கூறுகின்றனர். ஆண்டுதோறும் பங்கிலிருந்து நாட்காட்டி வாங்கி வீட்டில் மாட்டுகிறீர்கள். அதன் ஓரத்தில் நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு மாதமும் அந்த நாளின்மேல் ஒரு சிறு புள்ளி வைத்து வாருங்கள். பார்ப்போருக்கு அது பால் கணக்கென்றே தோன்றும்.